இரண்டு தட்டு தட்டினால்தான் கப்பல் கிளம்பும்

ஒலிநாடகம் செய்ய வந்திருக்கும் உங்களில் ஒருவர் போன மாதம் எனக்கு ஒரு கதை அனுப்பியிருந்தார். கடைசிப் பாகத்தில் கதாநாயகன் விண்கலத்தோடு வெடித்துச் சிதறுகிறான். வெடிச்சத்தம் நிற்கவே மாட்டேன் என்கிறது. எனக்குக் காது வலித்தது, மனசு வலிக்கவில்லை. போன் போட்டுத் திட்டிவிட்டேன். திட்டியது திட்டியதுதான், வாபஸ் கிடையாது. காரணத்தை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன். மைக்கை எங்கே வைப்பது, எதை எங்கே வெட்டி ஒட்டுவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதற்குள் நான் போகப்போவதில்லை.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம், ஒரு மாடியில், பாய் ஒருவர் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தார். கல்யாண வீட்டுக்குப் பாட்டு பதிவது, ஆட்டோவில் கட்டிப் போகும் விளம்பரம் பேசுவது, கோயில் திருவிழா உபயதாரர் பேர் வாசிப்பது எல்லாம் அங்கேதான். பேர் வாசிக்கிற குரலாகத்தான் நான் அங்கே போய்ச் சேர்ந்தேன்.

ரயில் இல்லாத ஊர் அது. எங்கே போவதென்றாலும் பஸ்தான். பஸ்ஸில் சினிமாக் கதை வசனத்தைக் கேசட்டாகப் போடுவார்கள். கேட்டுக் கேட்டு, அடுத்த வசனத்தை ஜனங்களே முன்கூட்டிச் சொல்லும் அளவுக்கு ஆகிவிட்டது. “நாமளே ஒரு கதை பண்ணிப் போட்டா என்னம்மா?” என்று பாய் ஒருநாள் கேட்டார். நான் எழுதினேன். அப்படிப் பிறந்தவன்தான் மாலுமி பரிதி.

பரிதியை என் சொந்த ஊரான அரியலூரிலேயே பிறக்க வைத்தேன். எங்கள் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டுகிற குழிகளில் நத்தை மாதிரி சுருண்ட கல் கிடைக்கும். ஒரு காலத்தில் அங்கே கடல் இருந்ததாம். கடல் போய்விட்டது, நத்தை மட்டும் கல்லாகி நின்றுவிட்டது. கடல் போன ஊரில் பிறந்தவன் கப்பலோட்ட வேண்டுமென்றால் ஆகாயத்துக்குத்தானே போக வேண்டும்? அவன் கப்பலுக்கு ‘நத்தை’ என்றே பேர் வைத்தேன். நத்தை ஒரு கிரகத்திலிருந்து இன்னொரு கிரகத்துக்கு ஆட்களை ஏற்றி இறக்கும். சண்டை கம்மி. வழியில் தவித்து நிற்கிறவர்களை ஏற்றிக்கொள்வதுதான் பரிதியின் வீரம்.

அவனுக்குக் குரல் கொடுக்க நாலைந்து பேர் வந்து பேசிப் பார்த்தார்கள். எல்லோரும் ராஜா வேஷம் கட்டியவர்கள் மாதிரி பேசினார்கள். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது மாடிப்படியிலிருந்து ஒரு குரல் வந்தது.

“பாய், பஸ்ஸுக்குக் கேசட் எடுக்கணும். மேல வரலாமுங்களா?”

“நீங்கதான் வரணும், வாங்க!” என்றேன்.

வந்தவர் செல்வராசு. குன்னத்துக்காரர். பெரம்பலூரிலிருந்து குன்னம் வழியாக அரியலூர் போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். மழையை நம்பிச் சோளமும் வெங்காயமும் போடும் குடும்பம், அது போதாது என்று பையைத் தோளில் மாட்டியவர். இருமலும் இரைச்சலும் நிறைந்த பஸ்ஸின் கடைசி சீட்டு வரைக்கும், கத்தாமல் போய்ச் சேருகிற குரல். அந்தக் குரலுக்குள் ‘பயப்படாதே, நான் இருக்கிறேன்’ என்று ஒன்று சேர்ந்தே வரும். கற்றுக்கொடுத்து வருவதில்லை அது.

முதல் பதிவில் கப்பல் கிளம்பும் இடத்துக்கு “புறப்படு நத்தையே!” என்று எழுதியிருந்தேன். அந்த வரியைப் பற்றி எனக்கு ரொம்பப் பெருமை. செல்வராசு மூச்சை இழுத்துப் பிடித்து, “போலாம் ரைட்!” என்றார். அறையே சிரித்தது.

“மன்னிச்சுக்குங்கக்கா, நாக்குப் பழகிப்போச்சு.”

என் வரியை நானே அடித்துப் போட்டேன். கேசட் வந்த கொஞ்ச நாளில் குன்னம் ரோட்டில் மாட்டு வண்டி ஓட்டுகிறவன்கூட “போலாம் ரைட்” என்று மாலுமி மாதிரி சொல்ல ஆரம்பித்தான்.

இதில் மாட்டிக்கொண்டது அந்த பஸ்ஸின் டிரைவர் கலியபெருமாள்தான். செல்வராசுவோடு பல வருஷமாக அதே வண்டியில் ஓடுகிறவர். ஒருநாள் சென்டருக்கே வந்து சண்டை போட்டார்.

“பொட்டிக்குள்ளயும் ரைட்டுங்கறான், பின்னாடி நின்னுக்கிட்டும் ரைட்டுங்கறான். எந்த ரைட்டுக்குங்க நான் வண்டிய எடுக்கறது? எவனாச்சும் வுழுந்து கிழுந்து வச்சா?”

செல்வராசு சிரித்துக்கொண்டே தீர்ப்பு சொன்னார். “என் வாய நம்பாதண்ணே. கையத்தான் நம்பணும். வண்டியில ரெண்டு தட்டு தட்டுனா எடு. ஒரு தட்டு தட்டுனா நிப்பாட்டு. வேற எதையும் காதுல வாங்காத.”

அன்றிலிருந்து அந்த வண்டிக்கு அதுதான் சட்டம். அவருடைய விசில்கூட சட்டைப் பையில் சும்மா கிடந்தது.

பயணிகள் சொல்லும் குறைகளை அவர் சூடாறாமல் கொண்டுவந்து கொட்டுவார். ஒரு பாகத்தில் சிமெண்ட் காகிதப் பையை ஊதி உடைத்து, ஆகாயத்தில் பெரிய வெடிச்சத்தம் போட்டிருந்தோம். மறுநாளே வந்துவிட்டார்.

“அக்கா, அரியலூர் வாத்தியார் ஒருத்தர் சொல்றாரு, காத்தில்லாத எடத்துல சத்தமே கேக்காதாம். பொருள்மேல தட்டுனா அதுல கை வச்சிருக்கவனுக்குத்தான் தெரியுமாம். நம்ம ஏமாத்துறமாம்.”

“சத்தம் இல்லேன்னா கேசட்ல என்னாப்பா இருக்கும்? வெறும் டேப்புதான் ஓடும்” என்றார் பாய். எல்லோரும் சிரித்தோம். அந்த வாத்தியார் சொன்னது எனக்குப் பின்னால் எப்படி உதவப் போகிறது என்று அப்போது தெரியாது.

சில வருஷம் கழித்துச் செல்வராசுவின் குரல் கம்மியது. கண்டக்டர் குரல், கத்திக் கத்திக் கம்மியிருக்கும் என்று மிளகும் பனங்கற்கண்டும் கொடுத்துப் பார்த்தோம். தொண்டையில் கட்டி என்று திருச்சி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். உயிர் வேண்டுமென்றால் குரல்வளையையே எடுத்துவிட வேண்டும், கழுத்தில் ஒரு துளை போட்டுவிடுவார்கள், அதன் வழியாகத்தான் மூச்சு என்றார்கள்.

ஆபரேஷனுக்கு முன்னால் பரிதியின் கடைசிப் பேச்சை மட்டுமாவது பதிந்து வைத்துக்கொள்ளலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அப்போது அவருக்குப் பேச்சே பாதி காற்றாகத்தான் வந்தது.

“வேணாங்க்கா. இந்தக் கொரல்ல மாலுமி பேசக்கூடாது.”

நான் கேட்ட அவருடைய கடைசிப் பேச்சு அதுதான்.

ஆபரேஷன் முடிந்து அவர் குன்னத்து வீட்டில் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு கிடந்தார். பஸ்ஸில் புதுக் கண்டக்டர். ஏறுகிறவர்கள் எல்லாம் அவரிடம் “மாலுமி எங்கப்பா?” என்று கேட்டார்கள். கேட்டது செல்வராசுவையா பரிதியையா என்று அவருக்கும் தெரியவில்லை. இதற்கிடையில் பஸ்களில் டிவி பெட்டி மாட்ட ஆரம்பித்திருந்தார்கள். பாய்க்குப் பதற்றம்.

“இன்னும் ஒரே ஒரு கேசட்தான்மா போடலாம். ஒண்ணு, மாலுமிய வெடிச்சுக் கொன்னு முடி. இல்லேன்னா வேற ஆள வச்சுப் பேசு. ரெண்டுல ஒண்ணு.”

நான் முடிவு சொல்லும் முன்பே அவர் ஆளையும் கூப்பிட்டுவிட்டார். அரியலூர்ப் பக்கத்துத் திருவிழாக்களில் பலகுரல் செய்கிறவர். நல்ல கலைஞர், அவரை நான் குறை சொல்ல மாட்டேன். மைக் முன்னால் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார். அச்சு அசலாகச் செல்வராசுவேதான். கடைசியில் “போலாம் ரைட்!” என்றார்.

மாடிப்படியில் தடதடவென்று யாரோ ஓடி வருகிற சத்தம். கதவைத் தள்ளிக்கொண்டு செல்வராசுவின் மனைவி செந்தாமரை உள்ளே வந்தாள். வீட்டில் கேட்பதற்குப் பழைய கேசட்டுகளை வாங்கிக்கொண்டு போக வந்தவள்.

“ஏங்க! பேச்சு வந்துருச்சா?”

அறையில் அவள் புருஷன் இல்லை. மைக் முன்னால் வேறு ஒருவர் காகிதத்தோடு நின்றார். அவள் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பவும் அறை மூலை வரைக்கும் ஒருமுறை தேடினாள். பலகுரல்காரர் காகிதத்தை மடித்து மேஜைமேல் வைத்தார். “நான் கெளம்புறன் பாய், என்னால முடியாது” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த மனுஷருக்கு இன்றைக்கும் என் கும்பிடு.

செந்தாமரை ரொம்ப நேரம் அழுதாள். பாய் டம்ளரில் தண்ணீர் வைத்துக்கொண்டு நின்றார். அழுது முடித்தபின் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அவரு மாரியே இன்னொருத்தரு பேசிட்டா, அப்பறம் அவரு எதுக்குக்கா? கொன்னும் போட்டுடாதீங்க. அவரு வூட்டுல படுத்துக்கிட்டே கேப்பாரு. கேட்டுட்டு ஒண்ணும் சொல்லமாட்டாரு. சொல்றதுக்கு வாயும் இல்ல.”

இந்த இடத்தில்தான் நீங்கள் நிற்க வேண்டும், பிள்ளைகளே. கதை கேட்கிறவர்கள் ஒரு பக்கம், கடை ஒரு பக்கம். ஆனால் அந்தக் கேசட்டைக் கேட்கப்போகிறவர்களில் ஒருவருக்கு அது வெறும் கதை இல்லை. உயிரோடு இருக்கிற மனுஷன் காதில் அவன் சாவைப் போடக்கூடாது. இன்னொருவன் குரலையும் போடக்கூடாது. ஒன்றுமே சொல்லாமல் கடையை மூடினால் அது அதைவிடப் பெரிய அவமரியாதை. காத்திருக்கிறவர்களிடம் சொல்லிக்கொள்ளாமல் போகிறவன் இல்லை மாலுமி.

ஒரு வாரம் எதுவும் ஓடவில்லை. எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன். பிறகுதான் அந்த வாத்தியாரின் குறை ஞாபகத்துக்கு வந்தது. காற்றில்லாத இடத்தில் குரல் கேட்காது. பேச முடியாதது பரிதியின் குற்றம் இல்லை, அவன் நிற்கிற இடம் அப்படி.

கதையை அப்படியே திருப்பினேன். நத்தை நிறைய ஆட்கள். கப்பல் ஒரு சின்னக் கிரகத்தில் சிக்கிக்கொள்கிறது. வெளியே இறங்கி ஒருவன் கொக்கியை விடுவித்தால்தான் கிளம்ப முடியும். பரிதி இறங்குகிறான். உள்ளேயிருந்து எல்லோரும் கூப்பிடுகிறார்கள், பதில் இல்லை. அவன் சொல்லாமல் கப்பல் கிளம்பாது, சொன்னாலும் கேட்காது. அப்போது கப்பலின் உடம்பில் வெளியிலிருந்து ஒரு சத்தம். அது என்ன சத்தம் என்று எழுதாமல் விட்டுவிட்டு, காகிதத்தை எடுத்துக்கொண்டு குன்னம் போனேன்.

செல்வராசு முழுசாகப் படித்தார். பக்கத்தில் ஒரு சிலேட்டு இருந்தது. ‘செத்துட்டானா?’ என்று எழுதிக் காட்டினார்.

“இல்லப்பா. வண்டிய அனுப்பிட்டு அவன் எறங்கி நின்னுட்டான்.”

கூட்டம் தாங்காத வண்டியை அனுப்பிவிட்டு, அடுத்த வண்டியில் வருகிறேன் என்று இறங்கி நிற்பது கண்டக்டருக்குப் புதிது இல்லை. தலையை ஆட்டினார். பிறகு எழுந்து போய், ஆணியில் மாட்டியிருந்த பழைய காக்கிச் சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்துக் காட்டினார். இதை நான் ஊதுகிறேன் என்று சைகை. முகத்தில் அத்தனை சந்தோஷம்.

மறுநாள் செந்தாமரையோடு சென்டருக்கு வந்தார். காக்கிச் சட்டையையே போட்டுக்கொண்டு வந்திருந்தார். பாய் டேப்பை ஓடவிட்டார். நான் கையைக் காட்டினேன். செல்வராசு விசிலை உதட்டில் வைத்து ஊதினார்.

சத்தம் வரவில்லை. கழுத்துத் துண்டுக்குக் கீழே ‘ஸ்ஸ்’ என்று காற்று போனது. மறுபடி ஊதினார். மறுபடியும் அதே காற்று. எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை, அவருக்கே தோன்றவில்லை. இனிமேல் அவருடைய மூச்சு வாய்க்கு வராது. செந்தாமரை சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். டேப் ஓடிக்கொண்டே இருந்தது.

செல்வராசு விசிலைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். பிறகு பையில் போட்டுக்கொண்டார். அறையில் பாயின் கேசட்டுகள் அடுக்கிய இரும்பு பீரோ ஒன்று நின்றது. நேராக அதனிடம் போய், உள்ளங்கையால் ஓங்கித் தட்டினார். இரண்டு தட்டு.

“யா அல்லாஹ்” என்றார் பாய், மெதுவாக.

திரும்பப் பதியவில்லை. ஒரே தடவைதான். டேப்பைப் போட்டுக் கேட்டபோது அந்தக் காற்றுச் சத்தமும் அதில் விழுந்திருந்தது. “அத வெட்டிரும்மா, பாவம், நல்லால்ல” என்றார் பாய். எனக்கும் வெட்டத்தான் தோன்றியது. ஆனால் அது அவருடைய மூச்சு, நான் யார் வெட்ட? செல்வராசுவைக் கேட்டேன். இருக்கட்டும் என்று கை காட்டினார்.

கேசட் வெளிவந்த அன்று அதே பஸ்ஸில் நானும் செல்வராசுவும் செந்தாமரையும் பயணிகளாக ஏறினோம். செல்வராசு, ஆளில்லாத முன் படிக்கட்டை ஒட்டிய சீட்டில் உட்கார்ந்தார். அது யாரும் சொல்லி வந்த பழக்கம் இல்லை. கடைசிக் காட்சி வந்தபோது வண்டி குன்னத்துக்கு முந்தின நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தது. ஒரு அம்மா வெங்காய மூட்டையைப் பின் படிக்கட்டில் ஏற்றிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் கப்பலுக்குள்ளிருந்து எல்லோரும் “மாலுமி! மாலுமி!” என்று கூப்பிடுகிறார்கள். பிறகு அந்தக் காற்று. பரிதியின் உடுப்பில் ஓட்டை விழுந்துவிட்டது என்று நினைத்து ஒரு பெண்பிள்ளை “அய்யய்யோ” என்றாள். அப்புறம், இரண்டு தட்டு.

கலியபெருமாள் வண்டியை எடுத்துவிட்டார்.

யோசித்து எடுத்தது இல்லை. இத்தனை வருஷமாக அந்தக் கைக்கு எடுத்த கால் அது. மூட்டைக்கார அம்மா கீழே நின்று கத்துகிறார், புதுக் கண்டக்டர் கத்துகிறார், கலியபெருமாள் காதில் எதுவும் விழவில்லை. செல்வராசு எழுந்து, படிக்கட்டில் இறங்கி நின்று, பஸ்ஸின் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினார்.

வண்டி நின்றது. கலியபெருமாள் ஸ்டீரிங்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. ஒருவரும் அவரைத் திட்டவில்லை. அந்த அம்மா மூட்டையோடு ஏறி உட்காரும் வரைக்கும் செல்வராசு படியிலேயே நின்று பார்த்தார். பிறகு இரண்டு தட்டு தட்டினார். அன்றைக்கு அந்த வண்டியைக் கிளப்பியது யார் கை என்று பஸ்ஸில் இருந்த எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. குன்னத்தில் அவர் இறங்கும்போது முழு பஸ்ஸும் எழுந்து நின்றது.

பரிதிக்கு நான் நல்லபடியாக விடை கொடுத்து அனுப்பினேன் என்று யாராவது பாராட்டினால் எனக்குக் கூச்சமாக இருக்கும். நான் ஒரு இடத்தைக் காலியாக விட்டேன், அவ்வளவுதான்.

மறு வருஷம் கட்டி திரும்ப வந்துவிட்டது. பருத்தி வெடிக்கிற பருவத்தில் செல்வராசு போய்ச் சேர்ந்தார்.

நானும் பாயும் போயிருந்தோம். ஒரு டெம்போவில் பூ கட்டி வைத்திருந்தார்கள். அதை நான்தான் ஓட்டுவேன் என்று கலியபெருமாள் பிடிவாதமாக ஏறி உட்கார்ந்திருந்தார். எங்கள் பக்கம் பெண்கள் தெருமுனை வரைக்கும்தான் போவார்கள், அங்கேயே அழுதுவிட்டுத் திரும்பிவிட வேண்டும். மேளம் முன்னால் போக, வண்டி தெருமுனைக்கு வந்து, ரோட்டில் ஏறப் போனது. பின்னால் வந்துகொண்டிருந்த செந்தாமரை தன்னைப் பிடித்திருந்தவர்களை உதறிவிட்டு ஓடினாள். டெம்போவின் பக்கவாட்டில் உள்ளங்கையால் அடித்தாள்.

ஒரு தட்டு.

கலியபெருமாள் சட்டென்று பிரேக் போட்டார். மேளம் நின்றது. எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அந்த இரும்பின்மேல் கையை வைத்தபடியே நின்றாள். அழவில்லை.

“நேரமாவுதும்மா, வுட்டுரு” என்றார் ஒரு பெரியவர். பங்காளி ஒருவர் முன்னால் போய், “எடுப்பா வண்டிய, பொழுது போவுது” என்றார்.

கலியபெருமாள் திரும்பிப் பார்க்கவே இல்லை. “அந்தப் புள்ள குடுக்கட்டுங்க. அது குடுக்காம நான் எடுக்கமாட்டன்.”

எல்லோரும் நின்றோம். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. மௌனம் நீண்டுவிட்டது என்று நீங்கள் கம்ப்யூட்டர் திரையில் ஒலிக்கோடு தட்டையாக ஓடுவதைப் பார்த்து வெட்டுகிறீர்களே, அந்த மாதிரி இடத்தில் எல்லாம் எனக்குக் கலியபெருமாளின் முதுகுதான் ஞாபகம் வருகிறது. ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு, காதை மட்டும் பின்னால் கொடுத்துவிட்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

செந்தாமரை கையை எடுத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு இரண்டு தட்டு தட்டினாள்.

அவர் வண்டியை எடுத்தார்.